சிவப்புக் கோடு போட்ட இரண்டு வரிகள்

நீ கேட்ட கையெழுத்தை நான் போடவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிப் பக்கம்வரை உன்னைக் காக்கவைப்பது நியாயமில்லை. வீட்டைக் காலி செய்து தருவதாக எழுதியிருந்த முத்திரைத்தாளை வீட்டுக்காரர் மகன் பாபன் போன வியாழக்கிழமை திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதிலிருந்து உன் அப்பா என்னோடு பேசுவதில்லை. காபி வேண்டுமென்றால் டம்ளரை மேஜையில் ஒரு தட்டு தட்டுகிறார். "பையனுக்கு யார் பதில் சொல்றது?" என்பதுதான் அவர் என்னிடம் கடைசியாகக் கேட்ட கேள்வி. நான் சொல்கிறேன் என்றேன். சொல்கிறேன்.

போன மாதம் லீவில் வந்தபோது நீ கொண்டுவந்த இரண்டு தாள்களும் இன்னும் சாப்பாட்டு மேஜையில்தான் இருக்கின்றன. இரண்டு ஓரங்களிலும் துளை போட்ட கம்ப்யூட்டர் தாள். அகலம் போதாமல் ஒவ்வொன்றுக்கும் மூன்றை ஒட்டியிருந்தாய். இடதுபக்கம் செலவுகளின் பெயர்கள். மேலே மாதங்கள். கடைசியில் மொத்தம். ஒரு தாளுக்கு 'இப்போது' என்று தலைப்பு: நாங்கள் இருவரும் இங்கே வங்காளத்தில், லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் இந்தச் சந்தில், நீயும் உஷாவும் பெங்களூரில், இரண்டு வீடு, இரண்டு அடுப்பு. இன்னொன்றுக்கு 'பிறகு' என்று தலைப்பு: எல்லோரும் பெங்களூரில், ஒரே வீடு. ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு கட்டத்து எண்ணை மாற்றினால் கீழே மொத்தம் தானாகவே மாறிக்கொள்ளும் என்று நீ சொன்னாய். அப்போது உன் முகம் எப்படி இருந்தது தெரியுமா? வீடே ஒரு இயந்திரத்துக்குள் அடங்கிவிட்ட நிம்மதி அதில் இருந்தது. எனக்கு அந்த முகம் பிடித்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்தார். "என்னடா இது, என் மூக்குப்பொடிக்குக்கூட ஒரு வரி! கவர்ன்மென்ட்தான் வரி போடும்னு நெனச்சேன்." "எல்லாத்துக்கும் ஒரு வரி உண்டுப்பா. வரி இல்லேன்னா அந்தச் செலவே இல்லேன்னு அர்த்தம். இதை ஸீரோ பண்ணினா வருஷக் கடைசியில ஒரு சீலிங் ஃபேன் வாங்கலாம்." "ஃபேனுக்குக் கீழ ஒரு தும்மல்கூட இல்லாம உக்காந்திருக்கறது ஒரு வாழ்க்கையாடா?" இருவரும் சிரித்தீர்கள். கரண்ட் போயிற்று. ஜன்னலைத் திறந்து, அந்தச் சொற்ப வெளிச்சத்தில் தொடர்ந்தீர்கள். பாலைக் குறைத்தீர்கள், கூட்டினீர்கள். நான் சமையலறை வாசலில் நின்றிருந்தேன். நீ நிமிர்ந்து, "அம்மா, ஒனக்கு என்ன வரி போடட்டும்? சொல்லு, சேத்துடறேன்" என்றாய். "எனக்கென்னடா, ஒண்ணும் வேண்டாம்" என்றேன். யோசிக்கவே இல்லை. தும்மல் மாதிரி வந்துவிட்டது. "பாத்தியாப்பா, அம்மாதான் ஐடியல் கேஸ்" என்றாய்.

பிறகு சிவப்புப் பென்சிலை எடுத்தாய். தை மாதம் உஷாவுக்குக் குழந்தை பிறந்தபின் வரவேண்டிய ஆயாவுக்கு ஒரு வரி. சமைக்க வரும் அம்மாளுக்கு ஒரு வரி. 'பிறகு' தாளில் இரண்டின் குறுக்கேயும் ஒரே கோடாக இழுத்தாய். "இது ரெண்டும் கட். அம்மாதான் வந்துடுவாளே." அப்பா கூட்டிப் பார்த்தார். இங்கே நாம் கொடுக்கும் பழைய வாடகை ஒன்றும் பெரிதில்லை. இரண்டு வீட்டை ஒரு வீடாக்குவதில் மிச்சமாகும் பணத்தில் பெரும்பகுதி அந்த இரண்டு வரிகளிலிருந்துதான் வந்தது. அதைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். "அடியே, மொத்த மிச்சமும் ஒன்னாலதான்!" நானும் சிரித்தேன். பாராட்டுக்குப் பதில் சொல்ல எனக்குச் சிரிப்பு ஒன்றுதான் தெரியும்.

உன்மேல் எனக்குக் கோபமில்லை. இருந்ததென்றால் இதை எழுத முடிந்திருக்காது. உனக்குக் கணக்குப் போடச் சொல்லிக்கொடுத்தவள் நான். என்னை வெட்டச் சொல்லிக்கொடுத்தவளும் நான்தான். இந்த வீட்டுக்கு வந்த புதிது. அப்பாவுக்கு துர்காபூர் சைட்டில் வேலை, சனிக்கிழமைதான் வருவார். நீ இரண்டாம் வகுப்பில் இருந்தாய். நான் எம்.ஏ. சேர்ந்திருந்தேன். ஊர்க் கலவரத்தில் பரீட்சைகள் தள்ளிப்போய்க்கொண்டே இருந்த காலம் அது. சாயங்காலம் எங்காவது வெடிச்சத்தம் கேட்டால் சந்துக் கதவுகள் எல்லாம் ஒன்றாகச் சாத்திக்கொள்ளும். உள்ளே நீயும் நானும். கட்டம் போட்ட உன் கணக்கு நோட்டின் நடுத்தாளைக் கிழித்து, அடுத்த மாதச் செலவை வரிவரியாக எழுதுவோம். அரிசி, பால், மண்ணெண்ணெய், உன் ஸ்கூல் பஸ், சென்னையில் தாத்தாவுக்கு மணியார்டர். 'அம்மா' என்றும் ஒரு வரி இருந்தது. நூலகச் சந்தா, யூனிவர்சிட்டிக்குப் போகவர டிராம், எப்போதாவது ஒரு பழைய புத்தகம். நீ விரல்விட்டுக் கூட்டுவாய். "அம்மா, பன்னெண்டு ரூபா இடிக்கறது. எதை வெட்டறது?" "என்னோடதை வெட்டு." மறுமாதமும் இடித்தது. "என்னோடதை வெட்டு." அதற்கடுத்த மாதம், "திரும்பவுமா?" என்று கேட்டாய். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாய். நான் விளக்குத் திரியைச் சரிசெய்கிற மாதிரித் திரும்பிக்கொண்டேன்.

அதற்குப்பின் நீ கேட்கவில்லை. ஒரு மாதம், நான் சொல்லாமலே, தாளுக்கு நீயே கோடு போட்டுக்கொண்டு வந்தாய். நேர்த்தியாக இருந்தது. அதில் என் வரி இல்லை. "எப்பவும் ஸீரோதானேம்மா, இடம் வேஸ்ட்" என்றாய். உன் தலையைத் தடவிக்கொடுத்தேன். சமர்த்து என்றேன். பரீட்சை எழுதினேன், பாஸும் பண்ணினேன். அதற்குமேல் போகவில்லை. அதைத் தியாகம் என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல் வருகிறது. அது சோம்பல். மூன்று பேரில் யாருடையதை வெட்டுவது என்று ஒவ்வொரு மாதமும் உட்கார்ந்து வாதாடுவது கஷ்டம். தன்னுடையதை வெட்டிவிட்டால் வாதம் இல்லை. வீட்டில் அமைதி. அந்த அமைதியைப் பார்த்து நீ வளர்ந்தாய்.

ஆகவே புத்திமதி சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது, தோற்றவளுக்கு உள்ள தகுதி. நீயும் உஷாவும் அடுத்த வருஷத்துக்குத் தாள் போடும்போது முதல் வரியில் வாடகையை எழுதாதே. மேலே உஷா என்று எழுது. அதற்குக் கீழே உன் பெயர். எதிரே ஒரு தொகை, சின்னதாக இருக்கட்டும், எதற்கு என்று மற்றவர் கேட்கக் கூடாத தொகை. அதை ஒதுக்கிவிட்டு மீதியில் குடும்பம் நடக்கிறதா என்று பார். மொத்தம் இடிக்கத்தான் செய்யும், எல்லார் வீட்டிலும் இடிக்கும். இடிக்கும்போது எதை வெட்டினாய் என்பதைவிட, யாருடையதை வெட்டினாய் என்று பின்னோக்கிப் பார். மூன்று மாதம் ஒரே ஆளுடையது போயிருந்தால் அந்த வீட்டில் ஏதோ சரியில்லை. இன்னொன்று. வருமானம் என்ற இடத்தில் உன் சம்பளத்தையும் அவள் சம்பளத்தையும் ஒன்றாகக் கூட்டி 'குடும்ப வருமானம்' என்று போட்டிருக்கிறாய். அதைப் பிரித்து எழுது. பாங்க் கவுண்ட்டரில் நாள் முழுக்க மற்றவர் பணத்தை எண்ணிவிட்டு வருகிறவள் தன் பணம் எது என்று ஒரு கட்டத்திலாவது பார்க்கட்டும்.

உன் தாளில் 'உத்தேசம்' மட்டும் இருக்கிறது. பக்கத்தில் 'நடந்தது' என்று ஒரு பத்தி விடு. அதற்குப் பக்கத்தில் வித்தியாசம். உத்தேசத்தில் நாம் எல்லோரும் நல்லவர்கள். பாகற்காய் வாங்குகிறோம், நடந்து போகிறோம். நாம் யார் என்பது மூன்றாவது பத்தியில்தான் இருக்கிறது.

இனி என் விஷயம். நீ ஊருக்குப் போன மறு ஞாயிற்றுக்கிழமையே பாபன் வந்துவிட்டான். அப்பாதான் சொல்லியனுப்பியிருக்கிறார். கையில் சந்தேஷ் இனிப்பு டப்பா, கக்கத்தில் முத்திரைத்தாள். இந்தக் கட்டடத்தை இடித்துவிட்டு நாலு மாடி கட்டப்போகிறார்கள், கட்டித்தர ஆள் பிடித்தாகிவிட்டது. காலி செய்தால் ஒரு தொகை தருவான், அதையும் நீ 'பிறகு' தாளின் வருமானத்தில் போட்டிருந்தாய். "மாஷிமா, ஷுது ஏக்டா ஷோயி" என்றான் பாபன். மாமி, ஒரே ஒரு கையெழுத்து. அவன் அரைநிக்கரோடு மாடிப்படியில் சறுக்கி விளையாடியதைப் பார்த்தவள் நான், என்னிடம் அவனுக்கு எப்போதும் ஒரு செல்லம் உண்டு. அப்பாவுக்கும் பேனாவைக் கொடுத்தான். அப்பா தன் பெயரை எழுதப்போனார். "மேஷோமஷாய், ரசீது எல்லாம் மாஷிமா பேர்லதானே" என்றான் பாபன் அப்பாவிடம் வங்காளியில், கொஞ்சம் கூச்சத்தோடு. எனக்கே மறந்துபோயிருந்தது. துர்காபூர் நாட்களில் வாடகையைக் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான் என்பதால் பாபனின் அப்பா என் பெயரிலேயே ரசீது எழுத ஆரம்பித்தார். அப்படியே நின்றுவிட்டது. சட்டப்படி இந்த வீட்டின் குடித்தனக்காரி நான். இத்தனை வருஷம் எந்தக் கதவைப் பார்த்து மூச்சுமுட்டிக்கொண்டிருந்தேனோ அதன் தாழ்ப்பாள் என் பெயரில் இருந்தது.

"போடு" என்றார் அப்பா. "கண்ணாடியை எங்கயோ வெச்சுட்டேன்" என்றேன். பாபன் நல்லவன். வியாழக்கிழமை வருகிறேன் என்று போய்விட்டான். கதவைச் சாத்திவிட்டு அப்பா என்னைப் பார்த்தார். "கண்ணாடி ஒன் தலைமேல இருக்கு."

இந்த வீட்டை நான் நேசிக்கிறேன் என்று தயவுசெய்து நினைத்துவிடாதே. உனக்கே தெரியும். ஒரு ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர், கை நீட்டினால் அதன் பாசி. மழைக்காலத்தில் துணி ஒரு வாரம் ஈரமாகவே நாறும். சுரங்க ரயிலுக்காகத் தெருவைத் தோண்டிப்போட்ட வருஷங்களில் பலகைமேல் நடந்து காளிகாட் பக்கம் போய்வருவேன். பள்ளத்துக்குள் குனிந்து வேலை செய்கிறவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அவர்களுக்காவது மறுமுனை என்று ஒன்று இருக்கிறதே என்று தோன்றும். தினமும் இங்கிருந்து போக வேண்டும் என்று நினைத்தவள்தான் நான். நீ கதவைத் திறந்துவிட்டாய். நான் எட்டிப் பார்த்தேன். வெளியே தெரிந்தது இன்னொரு சமையலறை. அதில் நீ கோடு போட்ட இரண்டு வரிகள். உன் 'பிறகு' தாளில் நான் எங்கே இருக்கிறேன் என்று விரல் வைத்துத் தேடினேன். அப்பாவுக்கு மூக்குப்பொடி வரி இருக்கிறது, மருந்து வரி இருக்கிறது. பிறக்காத குழந்தைக்குப் பால்மாவு வரி இருக்கிறது. நான் எந்த வரியிலும் இல்லை. அந்தச் சிவப்புக் கோட்டில் இருந்தேன்.

மறுநாள் மத்தியானம் அப்பா தூங்கிக்கொண்டிருந்தபோது வெள்ளைத்தாள் எடுத்து நானே கோடு போட்டேன். கம்ப்யூட்டர் இல்லை. ஒன்றை மாற்றினால் மற்ற எல்லாவற்றையும் ரப்பரால் அழித்துத் திரும்ப எழுத வேண்டும். அதில் ஒரு நன்மை. அழிக்கும்போது கை கொஞ்சம் தயங்குகிறது. அப்பாவின் ரிட்டையர்மென்ட் டெபாசிட் வட்டியில் நாங்கள் இங்கேயே இருந்தால் எவ்வளவு போதாது என்று பார்த்தேன். போதவில்லை. நீ சொன்னது சரி. மாதத்துக்கு ஏறக்குறைய இருநூறு இடித்தது. பென்சில் பழக்கதோஷத்தில் என் வரியைத் தேடியது. வெட்ட அங்கே ஒன்றுமே இல்லை. அப்போதுதான் வருமானம் என்ற பக்கத்தை முதல்தடவையாக நிமிர்ந்து பார்த்தேன்.

எதிர்ச் சந்தில் சின்னப் பிள்ளைகளுக்கு ஸ்கூல் நடத்தும் கல்யாணியை உனக்கு ஞாபகம் இருக்கும். கீழ்த்தளத்தில் நாலு அறை. 'இங்கிலீஷ் எடுக்க வாங்க பௌதி' என்று, மன்னியைக் கூப்பிடுகிற மாதிரி, பார்க்கும்போதெல்லாம் கேட்பாள். நானும் 'ஆஷ்சே பொச்சோர்', அடுத்த வருஷம், என்பேன். அன்றைக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு போனேன். விஷயத்தைச் சொன்னதும் அவள் மேஜையில் கை ஊன்றிச் சிரித்தாள். "உங்க 'ஆஷ்சே பொச்சோர்' கடைசியில வந்துடுச்சா? நான் ரிட்டையர் ஆனப்புறம் வருவீங்கன்னு நெனச்சேன்." சம்பளம் முந்நூறு. கூச்சப்பட்டுக்கொண்டே சொன்னாள். எனக்கு அது கூச்சப்படும் தொகையாகத் தெரியவில்லை. "சத்தம் தாங்குவீங்களா? முப்பது பிசாசுங்க." "எங்க வீட்ல சத்தமே இல்ல, கல்யாணி" என்றேன். அவள் சிரிப்பு நின்றது.

வியாழக்கிழமை பாபன் வந்தான். இந்த மாத வாடகையை எண்ணி அவன் கையில் வைத்து ரசீது கேட்டேன். அவனுக்குப் புரியவில்லை. "ஷோயி?" "ஹோபே நா" என்றேன். ஆகாது. பாபன் உன் அப்பாவைப் பார்த்தான். அப்பா என்னைப் பார்த்தார். பாபன் தலையைச் சொறிந்துகொண்டு மெல்ல, "மாஷிமா, என் கையில் மட்டும் இல்லை. அடுத்த மாதம் நான் வாடகை வாங்காமல் இருக்கும்படி ஆகலாம்" என்றான். "வாங்காட்டா ரென்ட் கன்ட்ரோல் ஆபீஸ்ல கட்டறேன். கெடு தவறாம கட்டறேன். இதுக்கு ரசீது எழுது." எழுதினான். என் பெயரை எழுத்துப்பிழை இல்லாமல் எழுதினான். சந்தேஷ் எடுத்துக்கொள் என்று அன்றைக்கும் அவன் கொண்டுவந்திருந்த டப்பாவையே நீட்டினேன். ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, படி இறங்கும்போது என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

அவன் போனதும் அப்பா வெடித்தார். "மிச்சம் வேண்டாமா ஒனக்கு?" "மிச்சமா நான் இருக்கேனே, போறாதா?" "பையன் கூப்பிடறான். எந்த அம்மாடீ மாட்டேம்பா? நான் மட்டும் கெளம்பிப் போயிடுவேன்." "போங்கோன்னா. பொடி டப்பாவைப் பெட்டிக்குள்ள வெச்சுடட்டுமா?" அவர் சிரிக்கவில்லை. பையனுக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டுவிட்டு, பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார். அவர் உன்னிடம் வந்தால் நன்றாகப் பார்த்துக்கொள். நான் தடுக்கவில்லை. அவர் போனால் இந்த வீடு இன்னும் மோசமாகும் என்பதும் எனக்குத் தெரியும்.

நான் ஜெயித்ததாக எழுதவில்லை. ஒன்றும் திறந்துகொள்ளவில்லை. அதே சுவர், அதே பாசி. இனி மாதாமாதம் வாடகையைக் கட்டுவதற்கு வரிசையில் நிற்கும் கவலை வேறு சேரப்போகிறது. பஸ் கட்டணத்தையும் ஒரு வரியாக எழுதி வைத்துவிட்டேன். வீட்டுக்காரர்கள் மோட்டார் போடாமல் தண்ணீரை நிறுத்துவார்கள். கட்டடத்தின் மற்றக் குடித்தனக்காரர்கள் ஒவ்வொருவராகக் காலி செய்துகொண்டு போவார்கள். முப்பது பிசாசுகளின் நடுவில் தொண்டை கட்டி நிற்கும்போது, பெங்களூரில் பேரக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கலாமே என்று அழக்கூடச் செய்வேன். அதையும் கணக்கில் வைத்துத்தான் சொல்கிறேன்.

உஷாவின் பிரசவத்துக்கு வருவேன். கல்யாணியிடம் லீவு கேட்டாகிவிட்டது, சம்பளம் இல்லாத லீவு. போக டிக்கெட் எடுக்கும்போதே திரும்ப வரவும் எடுத்துவிடுவேன், இரண்டும் என் பணத்தில். உன்னிடம் கேட்பது ஒன்றுதான். நான் அங்கே இருக்கும் நாட்களிலும் ஆயா வரட்டும். அம்மா வந்துவிட்டாள், ஒரு மாதம் நிற்கட்டும் என்று அவளை நிறுத்திவிடாதே. அவளுக்குப் பேசிய சம்பளத்தைக் கொடு. அவள் குளிப்பாட்டட்டும், துணி மாற்றட்டும், தூங்கவைக்கட்டும். குழந்தை அழும்போது நான் எழுந்து போகாவிட்டாலும் அந்த வீட்டில் ஒன்றும் கெட்டுப்போகக் கூடாது.

அப்படிப்பட்ட ஒரு வீட்டில் குழந்தை அழுதால் நான் எழுந்து போவேனா என்று எனக்குத் தெரியாது. நாற்பத்தாறு வயதில் இது தெரியாமல் இருப்பது வெட்கமாக இருக்கிறது. உன்னை வளர்க்கும்போது எழாமல் இருக்க எனக்கு வழியே இருந்ததில்லை. அதனால் நான் உன்னிடம் ஓடிவந்ததெல்லாம் ஆசையா, வேறு ஆள் இல்லாததாலா என்று பிரித்துப் பார்க்க இன்றுவரை முடியவில்லை. ஆயாவை நிறுத்தாதே. அவள் பக்கத்தில் நிற்கும்போதும் என் கை நீள்கிறதா என்று பார்க்க வேண்டும்.